குழுவோடு ஒரு நாள் நடைப்பயணம்: மெதுவாக நடப்பவர் சேரலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அருகிலுள்ள பூங்காக்களின் காட்டுப் பாதைகளில் வார இறுதிதோறும் ஒரு நாள் நடைப்பயணங்களை நடத்தும் குழு ஒன்றில் அண்மையில் உறுப்பினராகச் சேர்ந்தேன். ஆனால் இதுவரை எந்தப் பயணத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை. அறிவிப்புகளில் எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்து, தொலைவையும் ஏற்றத்தையும் குறிப்பிடுகிறார்கள். அந்த எண்களை என் உடல்திறனோடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பதுதான் விளங்கவில்லை. சமதளத்தில் ஒரு மணி நேரம் நிற்காமல் நடக்க என்னால் முடியும். ஏற்றம் என்றால் விரைவில் மூச்சு வாங்குகிறது.

என்னால் மற்றவர்கள் காத்து நிற்க நேருமோ என்ற தயக்கமே என்னைத் தடுக்கிறது. மெதுவாக நடக்கும் ஒருவர் இத்தகைய குழுவில் சேருவது முறைதானா? முதல் பயணத்தை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்? பெயர் கொடுப்பதற்கு முன் நடத்துநரிடம் எவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். இத்தகைய பயணங்களைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். தாராளமாகச் சேரலாம். மெதுவாக நடப்பவரால் குழுவுக்குத் தொல்லை வருவது அரிது. தம் வேகத்தை முன்கூட்டியே சொல்லாமல் வருபவரால்தான் திட்டம் குலைகிறது.

முதலில் எண்களைப் பார்ப்போம். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-ஆம் ஆண்டில் வகுத்த கணக்கு ஒன்று இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மணி நேரம் என்றும், ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்றும் வைத்துக்கொள்வதே அந்தக் கணக்கு. அதன்படி 12 கிலோமீட்டர் தொலைவும் 450 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதையை 3 மணி 9 நிமிடங்களில் முடித்துவிடலாம். ஆனால் நடந்து பழகியவர்கள் எங்கும் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம் அது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து செல்லும்போது, காலணிக் கயிறு இறுக்குவதற்கும், மேலாடை கழற்றுவதற்கும், ஓடையைக் கடப்பதற்கும், உணவுக்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்து, அதே பாதைக்கு நான் ஐந்து மணி நேரம் ஒதுக்குவேன். ஆகவே அறிவிப்பில் உள்ள மொத்த நேரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால், எளிது என்று போட்டிருந்தாலும் அது விரைவாக நடப்பவர்களுக்கான பயணம் என்று கொள்ளலாம்.

சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பவருக்குத் தொலைவைவிட ஏற்றமே சோதனையாக அமையும். முதல் முறை 8 கிலோமீட்டருக்கும் 150 மீட்டர் ஏற்றத்துக்கும் மிகாத பாதையைத் தேர்ந்தெடுங்கள். போன வழியே திரும்பும் பாதையாக இருந்தால் இன்னும் நல்லது. வட்டப் பாதையில் சரிபாதி தொலைவில் களைத்துப்போனால், முன்னே போனாலும் பின்னே போனாலும் ஒரே தொலைவுதான். போன வழியே திரும்பும் பாதையிலோ, துணைக்கு ஒருவர் கிடைத்தால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். பள்ளத்தாக்கில் இறங்கிப் பின்னர் ஏறி வரும் பாதைகளை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் கடினமான பகுதி, கால் ஓய்ந்த பிறகுதான் தொடங்கும்.

நல்ல குழுவில் வழியறிந்த ஒருவர் முன்னே செல்வார். ஸ்வீப் என்று நாங்கள் அழைக்கும் ஒருவர் கடைசியாக வருவார். ஸ்வீப்புக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது, முன்னே செல்பவரை எவரும் தாண்டக் கூடாது என்பவை மாற்றமில்லாத விதிகள். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஸ்வீப் வந்து சேரும் வரை அனைவரும் நிற்க வேண்டும். குழுப் பயணங்களில் ஆட்கள் வழி தவறுவது பெரும்பாலும் இத்தகைய கிளைப் பாதைகளில்தான் என்பதால், இதில் மட்டும் நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பெயர் கொடுக்கும் முன் நடத்துநரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஸ்வீப் இருக்கிறாரா, கிளைப் பாதைகளில் காத்திருப்பார்களா, சென்ற முறை இதே பாதைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆயிற்று. தெளிவான விடை கிடைக்காவிட்டால் வேறு பயணத்தைத் தேடுங்கள்.

இன்னொன்று. மெதுவாக நடப்பவரை வரிசையின் கடைசியில் விடாமல், முன்னே செல்பவருக்கு அடுத்த இடத்தில் நடக்கச் சொல்வது என் வழக்கம். வரிசையின் முன்பகுதியில் ஏற்படும் சிறு வேக மாற்றமும் பின்னே போகப் போகப் பெரிதாகும். கடைசியில் இருப்பவர் சில கணம் நின்றும் சில கணம் ஓடியும் நடக்க நேரும். களைத்தவரை அந்த இடத்தில் விடுவது சரியல்ல. எனவே நடத்துநரிடம் நீங்களே அந்த இடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுமொழி 2

நானும் மெதுவாக நடப்பவள்தான். இத்தனை ஆண்டுகளில் என் வேகம் பெரிதாக மாறியதும் இல்லை. ஆகவே மேலே எழுதிய நண்பர் குறிப்பிடாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது: ஓய்வு நேரம். முன்னே சென்றவர்கள் ஓரிடத்தில் அமர்ந்து பத்து நிமிடம் இளைப்பாறியிருப்பார்கள்; கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், எல்லோரும் வந்தாயிற்று என்று எழுந்து புறப்பட்டுவிடுவார்கள். ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அடுத்த ஏற்றத்தில் அவர் மேலும் பின்தங்குகிறார். அடுத்த நிறுத்தத்திலும் இதுவே நடக்கிறது. நான் ஒருமுறை சென்ற குழுவில் நாள் முழுவதும் இப்படியே கழிந்தது. மாலையில் என் கால்கள் நடுங்கின. கடைசி ஆள் வந்து அமர்ந்த பிறகே ஓய்வு நேரத்தைக் கணக்கிடத் தொடங்க வேண்டும். இதை நடத்துநரிடம் தயங்காமல் கேட்கலாம். முறையாக நடத்துபவர்கள் கேட்காமலே செய்வார்கள்.

உங்கள் கையில் இருப்பவையும் சில உண்டு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே நெடுநேரம் தாங்கும் வேகம்; ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள். விரைந்து ஏறி நின்று, மீண்டும் விரைந்து ஏறுவதைவிட, சிறு சிறு அடியாக நிற்காமல் ஏறுவது எளிது. பயணத்துக்கு முந்தைய சில வாரங்களில், அன்று சுமக்கப்போகும் பையையே முதுகில் மாட்டிக்கொண்டு படி ஏறி இறங்கிப் பழகுங்கள். இறங்குவதையும் சேர்த்தே சொல்கிறேன்: இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால், மறுநாள் வரும் வலிக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். இறக்கத்தில் ஊன்றுகோல்கள் முழங்காலின் சுமையைக் குறைக்கும்.

காலில் ஏதோ ஓரிடம் சூடாக உரசுவதுபோல் தோன்றினால் அங்கேயே நின்று டேப் ஒட்டிவிடுங்கள். குழு காத்திருக்கிறதே என்று பொறுத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் கொப்புளமாகி, இரண்டு நிமிடத் தாமதத்தை ஒரு மணி நேரத் தாமதமாக்கிவிடும்.

மறுமொழி 3

நான் பெரும்பாலும் ஸ்வீப்பாக நடப்பவன். மேலே உள்ள இரண்டு மறுமொழிகளோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் ஒரு கருத்தில் வேறுபடுகிறேன். மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம் என்ற எண்ணம் ஓரளவுக்குத்தான் செல்லும். பகல் வெளிச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு. பூங்காவின் வாயில் மூடும் நேரமும் உண்டு. ஆகவே புறப்படும்போதே, எங்கு இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவோம் என்று நேரம் குறித்து, அதை அனைவருக்கும் சொல்லிவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே, இன்னும் இருபது நிமிடம்தானே என்று சிலர் வற்புறுத்துவார்கள். அந்த இருபது நிமிடம் போகவும் வரவும் நாற்பதாகி, இருட்டில் இறங்குவதில் முடியும். அங்கே பின்தங்கியவரைக் குறை சொல்வது நியாயமாகாது. நேரத்தைக் கடைப்பிடிக்காதவரே பொறுப்பு.

அதேபோல், குழுவை வேகமானவர்கள், மெதுவானவர்கள் என்று வழியில் இரண்டாகப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். வழியும் முதலுதவியும் அறிந்த பொறுப்பாளர் ஒவ்வொரு பிரிவிலும் இருந்து, எங்கே எப்போது சேர்வது என்றும் முடிவு செய்திருந்தால் மட்டுமே அதைச் செய்யலாம். பொறுப்பாளர் ஒருவரே இருக்கும்போது பிரிக்கவே கூடாது. உங்களைத் திரும்பிப் போகச் சொன்னால் தனியாகப் போக ஒப்புக்கொள்ளாதீர்கள். துணையோடுதான் போவேன் என்று கேட்பது உங்கள் உரிமை. நீங்களாகவே விலக நினைத்தாலும் நடத்துநரிடம் சொல்லிவிட்டே விலகுங்கள். சொல்லாமல் வீடு திரும்பிய ஒருவரை, மற்றவர்கள் நள்ளிரவு வரை காட்டில் தேட நேரலாம்.

இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு ஒதுங்கும்போது ஸ்வீப்பிடம் சொல்லுங்கள். பையைப் பாதையோரம் தெரியும்படி வைத்துவிட்டுச் செல்லுங்கள். நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். சட்டைப் பையில் ஒரு விசில் இருக்கட்டும். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கத்துக்கு வந்த அபாய அறிவிப்பு, ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது. நிமிடத்துக்கு மூன்று முறை ஊதுவது அதற்கான விடை. வட அமெரிக்காவில் அபாய அறிவிப்பே மூன்று ஊதல்கள்தான். எந்த முறை என்று குழு புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பாதை சேறாக இருந்தாலும் அதன் நடுவிலேயே நடந்து செல்லுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து பேர் சேற்றுக்கு ஒதுங்கி ஓரமாக நடந்தால் ஓரத்துச் செடிகள் மிதிபட்டு அழியும். ஒரு பருவத்துக்குள் பாதை இரு மடங்கு அகலமாகிவிடும். தனியாக நடப்பவரைவிடக் குழுவாக நடப்பவர்களுக்கே இதில் பொறுப்பு அதிகம். நனைந்தாலும் தாங்கும் காலணியைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 7 கிலோமீட்டர் தொலைவும் 120 மீட்டர் ஏற்றமும் கொண்ட, போன வழியே திரும்பும் பயணம் ஒன்று அடுத்த மாதம் இருக்கிறது. அதற்குப் பெயர் கொடுக்க எண்ணியிருக்கிறேன். ஸ்வீப் உண்டு என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இன்னும் ஒரே ஓர் ஐயம். எனக்கு லேசான ஆஸ்துமா உண்டு. இன்ஹேலர் வைத்திருக்கிறேன், இப்போது அது அரிதாகவே தேவைப்படுகிறது. இதை நடத்துநரிடம் சொன்னால் என்னைச் சேர்த்துக்கொள்ள மறுப்பார்களோ என்று தோன்றுகிறது. சொல்லாமல் இருப்பது தவறாகுமா?

மறுமொழி 1 எழுதியவர்

கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை நோய், தேனீக் கடி ஒவ்வாமை ஆகியவை உள்ளவர்கள் என் பயணங்களில் வழக்கமாகவே வருகிறார்கள். அவற்றுக்காக எவரையும் நான் மறுத்ததில்லை. பாதைக்கும் உடல்நிலைக்கும் பொருந்தாது என்று நடத்துநர் கருதினால் எளிய வேறொரு பயணத்தைச் சொல்வார். அதுவும் உங்கள் நன்மைக்கே. சொல்லாமல் வந்து வழியில் மூச்சுத் திணறினால், அது களைப்பா, நோயா என்று பிரித்தறிய முடியாமல் அருகில் இருப்பவர்கள் விலைமதிப்பற்ற நிமிடங்களை இழப்பார்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய நாளே தொலைபேசியில் நடத்துநரிடம் சொல்லி, பயணத்தன்று ஸ்வீப்பிடமும் சொல்லிவிட்டால் போதும்.

நடப்பதற்கு முன்னரே இன்ஹேலரைப் பயன்படுத்த வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த, வறண்ட காற்றும் மகரந்தமும் சிலருக்கு மூச்சுத் திணறலைத் தூண்டும் என்பதால், பயணம் நடக்கும் பருவத்தையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் கால் மணி நேரத்தை மிக மெதுவாக நடங்கள். உடல் படிப்படியாகச் சூடேறினால் மூச்சுக்குழல் சுருங்கும் வாய்ப்பு குறைகிறது. மற்ற நாட்களில் தேவைப்படாவிட்டாலும் இன்ஹேலரின் காலாவதி நாளையும், உள்ளே மருந்து மீதம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதைப் பைக்குள் அடியில் போடாதீர்கள். கை எட்டும் பக்கப் பையில் வைத்து, எந்தப் பக்கம் என்று ஸ்வீப்புக்குக் காட்டிவிடுங்கள்.