பாலாய் சென்ட்ரல் வங்கி பாஸ்புக் யார் வீட்டிலாவது இருக்கிறதா?

வணக்கம். கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் வங்கிகளைப் பற்றித் தமிழில் பேசப் போகிறேன். நாம் போடும் பணத்தில் கொஞ்சத்தைக் கையிருப்பாக வைத்துவிட்டு மீதியைக் கடன் கொடுக்கிறார்கள். அந்தக் கடன் இன்னொருவர் கணக்கில் புது டெபாசிட்டாக ஏறுகிறது. எல்லோரும் ஒரே நாளில் போய்க் கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது. 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது கேரளம் அந்தத் தவிப்பைப் பார்த்தது. கண்காணிக்க வேண்டிய ரிசர்வ் வங்கி அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? வங்கி மூழ்கினால் போட்ட பணத்தை ஒரு வரம்பு வரை திருப்பித் தரும் டெபாசிட் காப்பீடே 1962-இல்தான் வந்தது, அதுவும் 1,500 ரூபாய் வரைக்கும். இன்று 5 லட்சம். அதற்கு மேல் போட்டு வைத்திருக்கும் நம் தோப்புக்காரர்கள் பலருக்கு இது தெரியாது.

அந்த வங்கியின் பாஸ்புக்கோ ரசீதோ இருந்தால், பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துப் படம் அனுப்புங்கள். கையிருப்பு விகிதத்தை எளிமையாக விளக்கும் கட்டுரை இருந்தாலும் சொல்லுங்கள். மலையாளம் என்றாலும் சரி, படித்துக்கொள்வேன்.