பங்குனி ஞாயிற்றில் புளியரை வழியே தென்மலைக்குச் சைக்கிளில் போய்வரலாமா?

கேள்வி: இலஞ்சிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. பள்ளி நாட்களுக்குப் பிறகு சைக்கிளையே தொடாமல் இருந்தவன், சென்ற கார்த்திகையில்தான் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கினேன். என்னோடு வேலை பார்க்கும் இருவரும் பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவர் ஒருவரும் சேர்ந்துகொள்ள, நால்வருமாக ஞாயிறுதோறும் விடியலில் புறப்பட்டு, ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம் என்று சமதளச் சாலைகளில் 30, 35 கிலோமீட்டர் சுற்றிவிட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுகிறோம்.

மார்கழிப் பனியில் காதை மூடிக்கொண்டு ஓட்டிய அதே சாலையில் இப்போது வேறொரு காலம் வந்திருக்கிறது. பிசான நெல் அறுவடை முடிந்தும் முடியாமலும் இருக்கிறது. புங்கை மரங்கள் தளிர்த்துவிட்டன. காலை ஆறு மணிக்கு உடம்புக்குக் குளிரும் இல்லை, வெக்கையும் இல்லை. காற்று ஆளைத் தள்ளாத நாட்கள் இவைதாம் என்பதால், ஆனி பிறந்து சாரல் காற்று தொடங்குவதற்குள் ஒரு முறையாவது புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகக் கேரளத்துத் தென்மலை வரை போய், வழியில் 13 கண் ரயில் பாலத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நால்வருக்கும் ஆசை. போக வர ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறோம். இதுவரை நாங்கள் எந்த மலைச் சாலையிலும் ஓட்டியதில்லை. லாரிகளை நினைத்து வீட்டில் பயப்படுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இது தகுமா, எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், சைக்கிளில் எவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சாலையை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: செங்கோட்டை மேலூரான்

இலஞ்சி அண்ணாச்சிக்கு வணக்கம். பதினொரு ஆண்டுகளாக அந்தச் சாலையில் ஓட்டி வருகிறேன். தாராளமாகப் போகலாம், ஆனால் நீங்கள் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை உங்கள் கேள்வியில் எழுதவில்லை.

புளியரையிலிருந்து கோட்டைவாசல் வரை ஏறுவது எல்லோருக்கும் கண்முன் தெரிகிற ஏற்றம். ஊட்டி, கொடைக்கானல் சாலைகளோடு வைத்துப் பார்த்தால் அது சிறியதுதான். விடியற்காலையில், புதுக்காலோடு, முன்னால் சிறிய பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்சக்கரமும் போட்டு நிமிடத்துக்கு 60, 70 சுற்று என்ற கணக்கில் நிதானமாக மிதித்தால் உங்கள் வயதில் யாரும் ஏறிவிடலாம். உண்மையான ஏற்றம் திரும்பும்போதுதான் வருகிறது. ஆரியங்காவு தாண்டியதும் சாலை ஆற்றோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போகும். நிழல் இருக்கும், மிதிக்கவே வேண்டியிருக்காது, நால்வரும் பேசிக்கொண்டு இறங்கிவிடுவீர்கள். அப்படி இறங்கிய அத்தனை தூரத்தையும் காலை பதினொரு மணி வெயிலில், தண்ணீர் தீர்ந்த நேரத்தில், லாரிகள் பெருகிய பிறகு திரும்ப ஏற வேண்டும். முதன்முறை போனபோது நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். தென்மலையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கியவன், ஆரியங்காவுக்குள் இரண்டு முறை இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். தொடையில் பிடித்த குரக்கு மறுநாள் வரை விடவில்லை.

அதனால் தென்மலை என்று இடத்தைக் குறித்துக்கொண்டு போகாமல், திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒன்பது மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ, அங்கேயே சைக்கிளைத் திருப்பிவிட வேண்டும் என்று நால்வரும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த நாட்களில் சூரியன் 6.25 அளவில் உதிக்கிறது. ஆறு மணிக்கே சாலை தெரியும். இலஞ்சியிலிருந்து 5.15 மணிக்கு முன்விளக்கும் பின்விளக்கும் போட்டுக்கொண்டு கிளம்பினால், வெளிச்சம் வரும்போது புளியரையில் இருப்பீர்கள். இருட்டில் அதற்கு மேல் ஏறவே கூடாது.

லாரிகளைப் பற்றி வீட்டில் பயப்படுவது நியாயமானது. மணலும் கல்லும் ஏற்றிய பெரிய வண்டிகளும், அறுவடைக் காலமாகையால் இருபக்கமும் பிதுங்கி நிற்கும் வைக்கோல் லாரிகளும் அந்த வழியாகத்தான் கேரளத்துக்குப் போகின்றன. புளியரைக்கு மேலே எஸ் வளைவு என்று எல்லோரும் சொல்லும் இடத்தில், ஈர மணல் ஏற்றிப் போகும் லாரிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மழையே இல்லாத மாசி மாதத்தில் ஒருநாள் இறங்கி வரும்போது அந்த ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கி, முழங்கை உரியக் கீழே விழுந்தேன். பின்னால் வண்டி வராதது என் நல்ல காலம். அந்த வளைவுகளுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். நால்வரும் ஒருவர் பின் ஒருவராக, இரண்டு மூன்று சைக்கிள் நீளம் இடைவெளி விட்டுப் போங்கள். பின்னால் வரும் லாரிக்கு இடமில்லை என்று தோன்றினால் கூச்சப்படாமல் ஓரத்தில் இறங்கி நின்றுவிடுங்கள்.

பதில்: பண்பொழி பஞ்சவர்ணம்

அண்ணாச்சிக்கு வணக்கம். மேலே சொல்லப்பட்ட எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நால்வருமே மலைச் சாலை காணாதவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கும்போது, முதல் ஏற்றத்தையே தேசிய நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவில் பழக வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் பக்கம் ஒரு ஞாயிறு வந்து பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு புளியரைக்குப் போங்களேன்.

செங்கோட்டையிலிருந்து பண்பொழி, வடகரை வழியாக மேக்கரை வரை போய்த் திரும்பினால் உங்களுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான் வரும். பண்பொழியில் திருமலைக்குமாரசாமி கோயில் மலை கண்ணெதிரே நிற்கும். வடகரை தாண்டியதும் இருபுறமும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும். மேக்கரையில் அடவிநயினார் அணை. சாலை கொஞ்சம் கொஞ்சமாக உயர்வதால், ஏற்றத்தில் எந்த கியர், எவ்வளவு மூச்சு என்று கால் தானாகவே கற்றுக்கொள்ளும். பங்குனிக் காலையில் அந்தத் தோப்புகளுக்கு நடுவே போகும்போது மாம்பூவின் கடைசி வாசமும் பிஞ்சு மாங்காயின் பால் வாசமும் கலந்து வருவதை, காரிலோ பைக்கிலோ போகிறவர்களால் அறியவே முடியாது. நாங்கள் ஆறு பெண்கள், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், மூன்று ஆண்டுகளாக இந்த வாசத்துக்காகவே போய்வருகிறோம் என்றால் மிகையில்லை. ஒரு வேண்டுகோள்: மேக்கரைக்கு அப்பால் அச்சன்கோவில் செல்லும் சாலை காட்டுக்குள் போகிறது, ஆர்வத்தில் அதற்குள் போய்விடாதீர்கள்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த மாதத்தில் எங்கள் ஊர்ச் சாலைகளில் கதிரையும் வைக்கோலையும் காயப் போட்டிருப்பார்கள். மெத்தைபோல் இருக்கிறதே என்று அதன்மேல் ஓட்டினால், நீளமான தாள்கள் செயினோடு உள்ளே போய், பின் பல்சக்கரத்துக்கும் கம்பிகளுக்கும் இடையில் கயிறாக முறுக்கிக்கொள்ளும். எங்களில் ஒருவருக்கு அப்படி ஆனபோது, கியரை மாற்றித் தரும் அந்தச் சிறிய கை வளைந்து கம்பிக்குள்ளேயே போய்விட்டது; சைக்கிளை மினி வேனில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம். வைக்கோல் கிடந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள். விவசாயிக்கும் நெல் சிதறாது.

இன்னொன்று, சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பார்க்கலாம் என்று யாராவது இப்போது அழைத்தால் போகாதீர்கள். அது ஆடி, ஆவணிப் பூ.

பதில்: தென்காசி பஞ்சர் கடை

சைக்கிளை மட்டும் பற்றிச் சொல்கிறேன். கார்த்திகையில் வாங்கிய சைக்கிளின் பிரேக் கம்பிகள் இப்போது நிச்சயம் தளர்ந்திருக்கும். இறுக்காமல் மலை இறங்கக் கூடாது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் கட்டையில் வரிப்பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். தேய்ந்து வழவழவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்க வாய்ப்புண்டு. ஆகவே பிடித்து விட்டு, பிடித்து விட்டு வர வேண்டும். உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும்.

டியூபின் வால்வைப் பாருங்கள். ஸ்கூட்டர் டியூபில் இருப்பதுபோல் தடியாக இருந்தால் எந்தக் கடையிலும் காற்றடித்துவிடலாம். பென்சில் முனைபோல் மெலிந்து, நுனியில் திருகு இருந்தால் அது பிரெஸ்டா வால்வு. ஆரியங்காவுக் கடையிலும் அடிக்க முடியாது, என் கடைக்கே சாதாரணப் பம்பில் காற்றடிக்க அதன்மேல் திருகும் பித்தளை மூடியைச் சென்ற ஆண்டுதான் வாங்கினேன். அந்த மூடியையும், கைப்பம்பையும், மாற்று டியூப் இரண்டையும் நால்வருக்கும் பொதுவாக எடுத்துச் செல்லுங்கள். பஞ்சரான டயரின் உட்புறத்தை விரலால் தடவிக் கருவேல முள்ளை எடுத்துவிட்டுத்தான் புது டியூபைப் போட வேண்டும். இல்லையென்றால் பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும்.

பதில்: புனலூர்த் தமிழன்

பாட்டனார் காலத்திலேயே கடையநல்லூரிலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. மலைக்கு இந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்வதுதான் முறை.

அண்ணாச்சி, உங்கள் பக்கத்து வசந்தம் புங்கையிலும் வேம்பிலும் வருகிறது என்றால், எங்கள் பக்கத்தில் அது ரப்பர் மரத்தில் வருகிறது. தை மாதத்தில் இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டையாக நின்ற தோட்டங்கள், மாசி முடிவதற்குள் செம்பு நிறத்தில் தளிர்த்து, பங்குனியில் இளம்பச்சைக்கு மாறிவிடும். கழுதுருட்டிக்கு இறங்கும்போது காலை வெயில் அந்தத் தளிர்களின் ஊடே விழுவதைப் பார்க்கிறவர்கள் சைக்கிளை நிறுத்தாமல் போனதை நான் கண்டதில்லை. பங்குனிக் கடைசியில் வந்தால், விசுக்கணிக்கு வேண்டிய கொன்றையும் வீட்டுக்கு வீடு மஞ்சளாகத் தொங்கும். 13 கண் பாலம் கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் இடையில், சாலையிலிருந்தே தெரியும்படி நிற்கிறது. 1904-இல் மீட்டர் பாதைக்காகக் கருங்கல்லில் கட்டியது. 2018-இல் அகலப்பாதையாகி ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகும் அதன் மேல்தான் ஓடுகிறது. செங்கோட்டை நண்பர் சொன்ன ஒன்பது மணிக் கணக்குக்குப் பாலத்தோடு திரும்பினாலே போதுமானது. தென்மலையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலைவிட இங்கே புழுக்கம்தான் ஆளை அடிக்கும். உங்கள் பக்கத்தில் வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு போனது என்று தெரியாது. இங்கே சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல், 1 லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி, ஆளுக்கு ஒரு புட்டி எடுத்து வாருங்கள். வழியில் ஏத்தன்பழமும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் தாராளமாகக் கிடைக்கும். பொரித்த பண்டங்களை வீட்டுக்குப் போன பிறகு சாப்பிடலாம். பங்குனி, சித்திரையில் பிற்பகலானால் கிழக்கே மலைமேல் கறுத்து, இடியோடு கோடை மழை இறங்குவது இங்கே வழக்கம். அது தொடங்குமுன் நீங்கள் புளியரைக்குக் கீழே இருக்க வேண்டும்.

பதில்: செங்கோட்டை மேலூரான்

பண்பொழி அக்கா சொல்வதே சரியான வரிசை. முதலில் மேக்கரை, பிறகு புளியரை. எனக்கு அது தோன்றாமல் போனதற்குக் காரணம், நான் தனியாகவே ஓட்டிப் பழகியவன். புதியவர்கள் நால்வர் சேர்ந்து போகும்போது நால்வரில் மெதுவானவருடைய கால்தான் அளவு.

பதில்: இலஞ்சிக்காரர் (மூன்று வாரம் கழித்து)

பதில் எழுதிய அனைவருக்கும் எங்கள் நால்வரின் நன்றி. சொன்னபடியே முதல் ஞாயிறு மேக்கரைக்குப் போனோம். ஏறும்போது கியரை முன்கூட்டியே மாற்ற வேண்டும், கால் நின்ற பிறகு மாற்றினால் செயின் கழன்றுவிடும் என்பதை அங்கேதான் கற்றோம். கழன்ற செயினை மாட்டிக் கறுத்த விரல்களோடு அணைக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, தோப்புக்காரர் ஒருவர் காற்றில் விழுந்த மாவடுக்களைத் துண்டில் அள்ளிக் கொடுத்தார். இரண்டு வாரம் பொறுத்து, நேற்று 5.15 மணிக்கு இலஞ்சியிலிருந்து கிளம்பினோம். பிரேக் கட்டைகளை முந்தைய நாளே மாற்றியிருந்தோம். எஸ் வளைவில் செங்கோட்டை அண்ணாச்சி எழுதியபடியே, மழையில்லாத நாளில், சாலையின் நடுவே ஈரக்கோடு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டைவாசலில் ஏழு மணிக்கு முன்பே மூச்சு வாங்க நின்றோம்.

பாலத்தடிக்கு 8.35 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ரயில் எதுவும் வரவில்லை. தூண் ஒன்றின் நிழலில் உட்கார்ந்து ஏத்தன்பழம் சாப்பிட்டோம். ரப்பர்த் தளிர் செம்பு நிறம் மாறி முழுப் பச்சையாகிவிட்டிருந்தது, ஆனால் கொன்றை பூத்திருந்தது. இன்னும் சில கிலோமீட்டர்தானே, தென்மலையைப் பார்த்துவிடலாம் என்று கல்லூரித் தம்பி இரண்டு முறை கேட்டார். எனக்கும் மனம் இழுத்தது. கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டு, ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திருப்பினோம். ஆரியங்காவு ஏற்றத்தில் அந்தத் தம்பியே முதலில் இறங்கித் தள்ளினார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரில் கடைசி மடக்கு கோட்டைவாசலில் தீர்ந்தது. 11.20-க்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தவன், மூன்று மணிக்கு இடிச் சத்தம் கேட்டு எழுந்து மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேற்கே புளியரைக்கு மேல் மலை முழுவதும் மறைந்திருந்தது.

பண்பொழி அக்கா, வருகிற ஞாயிறு என் மனைவியும் மேக்கரை வரை வருவதாகச் சொல்கிறார். உங்கள் குழு எத்தனை மணிக்கு, எங்கே சேர்கிறது என்று தெரிவித்தால் அங்கே வந்து நிற்போம்.