டீன் ஏஜ் பெண்கள் வரும் நாவல்கள்: எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்?

வளவுக்காரி:
எனக்கு 17 வயதில் நடந்தது. இன்னும் உறுத்துகிறது. டோடி ஸ்மித்தின் 'ஐ கேப்சர் த கேஸில்', 1948இல் வந்த நாவல். குலமுன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காகக் கோலாலம்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகள் விட்டுவிட்டுப் போன பிரதி. அதில் கதை சொல்லும் கஸான்ட்ராவைத் தெரிந்தவர்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. இடிந்த கோட்டை, வாடகை பாக்கி, ஒரு நல்ல புத்தகம் எழுதிவிட்டு ஓய்ந்துபோன அப்பா. நல்ல மேசை நாற்காலியெல்லாம் விற்றாகிவிட்டது. அவளுக்கும் 17. சமையலறையில் வெளிச்சம் மிச்சமிருப்பது அங்கே மட்டும்தான் என்று பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் காலை வைத்து உட்கார்ந்து எழுதுகிறாள்.

நானும் வெளிச்சத்துக்காகத்தான் வளவில், முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் செட்டிநாட்டு வீட்டுக்கு ஒன்பது பங்காளிகள். எட்டுப் பேர் அறை பூட்டியே கிடக்கும். அன்றைக்குக் காரைக்குடியிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்திருந்தார். அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, கூடவே நடக்க, அவர் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டே வந்தார். மங்குச் சாமான் அடுக்கு 4. தேக்கு அலமாரி 5. பட்டாலையில் மாட்டியிருந்த பெல்ஜியம் கண்ணாடி 7. இருவரும் முகப்புப் பக்கம் போனதும் அப்பத்தா இரண்டாம் கட்டிலிருந்து வந்தார். முந்தானை நுனியை எச்சில் தொட்டு அந்த 7ஐ அழித்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

அவ்வளவுதான். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:
எனக்கு 'ஹங்கர் கேம்ஸ்'. சாவு விளையாட்டுக்குப் பிள்ளைகளை எடுக்கும் சீட்டில் தங்கை பிரிம் பெயர் வந்ததும், அவளுக்குப் பதிலாகக் காட்னிஸ் முன்னால் வந்து நிற்கிறாளே, அந்த இடம். அவளுக்கு 16, தங்கைக்கு 12. ஹாஸ்டலில் ராத்திரி பதினொன்றரைக்குப் படித்தேன். எங்கள் அக்கா பிளஸ் டூவோடு நின்று ஜவுளிக்கடைக்கு பில் போடப் போனதால்தான் நான் அந்த ஹாஸ்டலிலேயே இருந்தேன். உடனே போன் போட்டேன்.

"என்னடி இந்நேரத்துல, சாப்பிட்டியா?"

"ம்."

"காசு எதுவும் வேணுமா?"

"இல்லக்கா."

வைத்துவிட்டேன். சொல்ல நினைத்ததை இன்று வரை சொல்லவில்லை.

பழைய டீச்சர்:
ரஸ்தா தங்கச்சி, படித்து மனசு கனத்துவிட்டது. ஆனாலும் அந்தப் புத்தகத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் யாரும் நீட்ட வேண்டாம். 24 பிள்ளைகளைக் களத்தில் இறக்கி ஒருவரையொருவர் கொல்ல விடுகிற கதை அது. முதலில் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' கொடுங்கள். 1908இல் வந்தது, இன்னும் பழசாகவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தேன். பண்ணை வேலைக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று அண்ணனும் தங்கையும் அநாதை இல்லத்தில் ஆண்பிள்ளை கேட்கிறார்கள், ஆன் வந்து இறங்குகிறாள் அல்லவா? மறுநாள் காலையிலேயே வந்து நின்றாள். "டீச்சர், எங்க வீட்டுலயும் பிள்ளை கூட்டப் போறாங்க, தத்து எடுக்கப் போறாங்க. ஆம்பளப் பிள்ளைதான் வேணுமாம். நான் இருக்கேனே டீச்சர்?" என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று. மகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு எத்தனை பக்கம் ஆச்சு என்று கேட்காதீர்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துத் தொல்லை பண்ணாதீர்கள், தெரியாத சொல்லைத் தாண்டிப் போகட்டும். ஆங்கிலம் வளரும் என்று சொல்லிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பாடப்புத்தகமாகிவிடும். பாதியில் வைத்தால் வைக்கட்டும். பிள்ளைக்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள். சாப்பிடும்போது படித்தால் திட்டாதீர்கள், குழம்புக் கறை பட்டால் பட்டுவிட்டுப் போகிறது.

கோட்டையூர்க்காரன்:
டீச்சர், தப்பாக நினைக்க வேண்டாம். யாரும் ஆலோசனை கேட்கவில்லையே. அந்தக் கொலைக்களத்துக்குக் காட்னிஸ் விரும்பிப் போகவில்லை. குழந்தைகளை அப்படி மோத விட்டு வேடிக்கை பார்ப்பவர்கள் மேல் நமக்குக் கோபம் வரத்தான் அந்தக் கதையே. என் மகள் 13 வயதில் படித்தாள், கெட்டுப்போகவில்லை. என் வருத்தம் வேறு. நான் படித்த தமிழ் நாவல்களில் 16 வயதுப் பெண் வந்தால் பத்துப் பக்கத்துக்குள் மாப்பிள்ளை பேச்சு வந்துவிடுகிறது. இரண்டு பக்கமாவது அவள் பாட்டுக்கு யோசிக்கட்டுமே. மகள் "தமிழ்ல இப்படி ஒண்ணு கொடுங்கப்பா" என்றபோது அலமாரி முன்னால் நெடுநேரம் நின்றேன், வெறுங்கையோடு திரும்பினேன்.

வளவுக்காரி, கேட்கலாமா? அந்தக் கண்ணாடி என்ன ஆனது?

வளவுக்காரி:
போய்விட்டது. வியாபாரி திரும்பி வந்து, "இதுல நம்பர் போட்டேனே?" என்றார். அப்பச்சி, "ஏழு" என்றார். அது இருந்த இடத்தில் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு மட்டும் நீள்சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. அப்பத்தா அதற்கப்புறமும் குளித்துவிட்டு வந்து, அந்தச் சுவர் முன்னால் நின்றுதான் திருநீறு பூசினார்.