பழைய காளவாய் மேடு: காலம் கணிப்பது எப்படி?

கேள்வி (ஊர்த்தொகுப்பு)

திருவள்ளூர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பழைய செங்கல் காளவாய் வரலாற்றை ஊர் நூலகத்துக்காகத் தொகுக்கிறோம். இப்போது அங்கே மிஞ்சியிருப்பது நீள்வட்டமான ஒரு மேடு, அதைச் சுற்றி அகழி மாதிரி பள்ளம், பக்கத்தில் மண் எடுத்த குட்டை. புகைபோக்கி இல்லை. "முதலில் விறகுச் சூளை, அப்புறம் சேம்பர்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆண்டு யாருக்கும் நிச்சயமில்லை. தரையையும் கல்லையும் வைத்து எவ்வளவு தூரம் கணிக்கலாம்? சில பழைய வீடுகளில் ஒரு அங்குலத் தடிப்புள்ள கற்கள் கிடைக்கின்றன. அவை மிகப் பழைய காலத்தவையா?

பதில் 1 (சுட்டமண்)

நீள்வட்ட மேடு, சுற்றிப் பள்ளம் என்றால் அது அகழிச் சூளை. வில்லியம் புல் 1876-ல் காப்புரிமை பெற்ற முறை. பள்ளத்தில் பச்சைக்கல்லை (இன்னும் சுடாத செங்கல்லை) அடுக்கி, மேலே சாம்பலும் செங்கல் தூளும் பரப்பி மூடி, மேல் துளைகள் வழியாக நிலக்கரி போடுவார்கள். கல் இருந்த இடத்தில் இருக்கும். நெருப்புதான் வட்டம் சுற்றி வரும். வெந்து ஆறுகிற கற்களின் ஊடாக வரும் காற்று சூடேறி நெருப்புக்குப் போகிறது, அங்கிருந்து போகும் புகை அடுத்த கற்களை உலர்த்துகிறது. லட்சம் கல்லுக்கு 15 முதல் 20 டன் நிலக்கரியில் வேலை முடிய இதுதான் காரணம். சென்னைப் பக்கம் 'சேம்பர் கல்' என்று விற்றது பெரும்பாலும் இந்த மாதிரிச் சூளைக் கல்தான்.

புகைபோக்கி இல்லாததை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். இடித்துக் கல்லை எடுத்துப் போயிருப்பார்கள். நடு மேட்டில் ஒரு குறுக்குக் குழி வெட்டிப் பாருங்கள். பள்ளத்திலிருந்து நடுவை நோக்கிக் கல் கட்டிய புகைக் கால்வாய் வந்தால் அது நிலையான புகைபோக்கிச் சூளை. கால்வாயே இல்லையென்றால் தகரப் புகைபோக்கியைக் கல் அடுக்கின் மேல் நிறுத்தி, நெருப்போடு நகர்த்திய வகை. நகரும் புகைபோக்கிக்கு மத்திய அரசு வைத்த கடைசிக் கெடு 2002 ஜூன். ஆகவே அந்த வகையாக இருந்தால், ஏறக்குறைய அதற்கு முன்பே மூடியிருக்க வேண்டும்.

விறகுச் சூளை நின்ற இடம் வேறாக இருக்கும். செவ்வகமாகச் சிவந்து இறுகிய தரையும், அதில் இணைகோடுகளாகச் சாம்பல் பட்டைகளும் தெரிந்தால் அவை அடியில் விட்ட நெருப்பு வாய்கள். விறகுச் சாம்பல் வெளுப்பாக, மாவாக இருக்கும். கறுத்துக் கண்ணாடி போல உருகிய கட்டிகள் கிடைத்தால் நிலக்கரி வந்த பிறகான அடுக்கு.

பதில் 2 (மெட்ராஸ்டெரஸ்)

ஒரு அங்குலக் கல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் அச்சுக்கல்: ஏறத்தாழ 6 × 3 × 1 அங்குலம். தேக்குச் சட்டங்களின் மேல் மூலைவாட்டமாக, செங்குத்தாகச் சுண்ணாம்பில் பதித்து 'மெட்ராஸ் டெரஸ்' என்ற மேற்கூரைத் தளம் போட்ட கல். 20-ஆம் நூற்றாண்டிலும் அடித்திருக்கிறார்கள். பழங்காலக் கல் நேர்மாறாகப் பெரியது. கீழடியில் கிடைத்தவை ஓர் அடிக்கும் மேல் நீளம், தடிப்பு மட்டும் குறைவு.

தடிப்பைவிடக் கலவையைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரையா, சிமென்டா என்பது நம்பகமான முதல் தடயம். அடுத்தது கல்லின் குழியில் உள்ள முத்திரை எழுத்து. ஊர் வீடுகளில் எந்த எழுத்து எந்தச் சுவரில் இருக்கிறது என்று குறித்து, வீட்டுப் பத்திர ஆண்டோடு ஒப்பிட்டால் காளவாயின் உடைமை கைமாறிய வரிசையே கிடைத்துவிடும்.

பதில் 3 (பச்சைக்கல்)

மேலே சொன்னவற்றோடு, குட்டை மண்ணையும் சோதியுங்கள். காளவாய் ஏன் அங்கே அமைந்தது, ஏன் நின்றது என்பதற்குப் பாதி விடை அதில்தான். களி அதிகமானால் காயும்போதே வெடிக்கும். மணல் கூடினால் சுட்ட பின் விளிம்பு உதிரும். சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) கலந்திருந்தால் அது சூளையில் நீறாகி, பிறகு ஈரம் பட்டதும் உப்பிக் கல்லைப் பிளக்கும். உவர்மண் என்றால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். நல்ல மேல்மண் தீர்ந்து சுக்கான் அடுக்கைத் தொட்டதும் கைவிட்ட குட்டைகள் நிறைய உண்டு.

கல்லின் தரத்துக்கு எளிய சோதனை: நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள், 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரணக் கல்லுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடை கூடினால் சரியாக வேகவில்லை. விறகுச் சூளையில் ஓர அடுக்குகள் இப்படித்தான் வரும், அடுப்பை ஒட்டியவை உருகி ஒட்டிக்கொள்ளும். ஒரே கல்லை வைத்து முடிவுசெய்யாமல், ஒவ்வொரு சுவரிலிருந்தும் ஐந்தாறு எடுங்கள்.

பதில் 4 (அடங்கல்)

பதிவு இல்லை என்று விட்டுவிட வேண்டாம். செங்கல் மண் சிறுகனிமம். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-ல் வந்தவை. ஆகவே அனுமதிக் கோப்பு மாவட்டக் கனிமவளத் துறையில் இருக்க வாய்ப்புண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு (நில விவரப் பதிவு), அடங்கல் (சாகுபடிக் கணக்கு), புல வரைபடம் மூன்றையும் புல எண் வாரியாகப் பாருங்கள். சாகுபடி நின்று தரிசு என்று மாறிய ஆண்டு பெரும்பாலும் மண் எடுக்கத் தொடங்கிய ஆண்டுக்கு அருகில் வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாளிகளின் பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தினால் அது காளவாயின் வரலாறு ஆகாது. கல் அறுத்தவர்கள் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு வந்து, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் உழைத்தவர்கள். அந்த முன்பணமே பல குடும்பங்களைச் சூளையோடு கட்டிப்போட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்த பிறகும் உங்கள் மாவட்டச் சூளைகளிலிருந்து மீட்பு நடந்திருக்கிறது. இருளர் குடும்பங்களும், பின்னாளில் ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து வந்தவர்களும் இதில் உண்டு. மண் மிதித்தவர், அச்சுப் பிடித்தவர், சுமந்தவர், நெருப்புப் பார்த்தவர் என நான்கு வேலைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆண்டு கேட்டால் பதில் வராது. "ஆயிரத்துக்கு என்ன கூலி, அப்போது அரிசி என்ன விலை" என்று கேட்டால் காலம் தானே விழும்.

ஊர்த்தொகுப்பு

நன்றி. கோடையில் குட்டை வற்றியதும் குறுக்குக் குழி வெட்டுகிறோம். புல எண் கையில் இருக்கிறது. அடங்கலை முதலில் பார்த்துவிட்டு, புகைக் கால்வாய் கிடைத்தால் அளவுகளோடு இங்கே பதிகிறேன்.