புதுப்பிப்பு: ஹாலுக்கு வெளிர் பச்சை அடிச்சாச்சு

போன மாசம் ஹாலுக்கு வெளிர் பச்சை அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுமான்னு கேட்டிருந்தேன்ல, அடிச்சு முடிச்சாச்சு. நீங்க சொன்னபடி ஷேடு கார்டை நம்பாம சாம்பிள் வாங்கி ரெண்டு சுவத்துல ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சு ரெண்டு நாள் பாத்தேன், அதுதான் காப்பாத்துச்சு. நம்ம ஹால் ஜன்னல் வடக்கு பாத்தது, வெயில் நேரா விழாது, வர்ற வெளிச்சமே லேசா நீலமா இருக்கும், அதுல கார்டுல அழகா இருந்த புதினா பச்சை வெளிறிப்போய் நிக்குது, அதனால கொஞ்சம் சாம்பல் கலந்த ஷேடுக்கு மாறிட்டேன். ராத்திரி 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம்) டியூப்லைட் போட்டா அப்பவும் ஆஸ்பத்திரிதான் (!), 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்) எல்இடி மாத்தினப்புறம்தான் சுவத்துக்கு உயிரே வந்துச்சு. தேக்கு ஊஞ்சல் இப்ப தனியா எடுப்பா தெரியுது. அம்மா மட்டும் இன்னும் "சந்தனக் கலரே அடிச்சிருக்கலாம்"ங்கறாங்க.