மறு: எமோஷனல் ரெகுலேஷனுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? ‘கட்டுப்பாடு’ வேணாமே

எல்லாருக்கும் வணக்கம்,

இழை நீண்டுக்கிட்டே போகுது, நடுவுல எட்டிப் பாக்க முடியல, இப்போதான் மொத்தமா உக்காந்து படிச்சேன். குழந்தை வளர்ச்சிக் கையேட்டுக்காக எமோஷனல் ரெகுலேஷன், ஏடிஹெச்டி, ரிஸ்க் ஃபேக்டர் மாதிரி இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழ் கேட்டு இதை ஆரம்பிச்சு வச்சவ நான்தான், அதனால என் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன், பொறுத்துக்குங்க.

> ‘உணர்ச்சிக் கட்டுப்பாடு’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. இருப்பதை விட்டுவிட்டுப் புதிது தேடுவானேன்?

ஐயா, புழக்கத்துல இருக்குங்கறது உண்மைதான். ஆனா ஒரு அம்மாகிட்ட போய் “உங்க பிள்ளைக்கு உணர்ச்சிக் கட்டுப்பாடு இன்னும் வரல”ன்னு சொல்லிப் பாருங்க, அவங்க காதுல விழறது “கண்டிச்சு வளக்கல”ங்கறது மட்டும்தான். விலைக் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு, கட்டுப்பாடான பள்ளிக்கூடம், எல்லாமே ஒண்ணை அமுக்கி வைக்கிற வேலை. ஆராய்ச்சில பேசறது அதை இல்ல. வந்த உணர்ச்சி எவ்வளவு பலமா இருக்கு, எவ்வளவு நேரம் நீடிக்குது, எப்படி வெளிய வருது, இதையெல்லாம் நிலைமைக்குத் தக்கபடி மாத்திக்கிறது. குறைச்சுக்கலாம், கூட்டிக்கலாம், கொஞ்ச நேரம் தள்ளியும் வச்சுக்கலாம். விருப்பமில்லாத வேலைல இறங்கறதுக்கு முன்னாடி தன்னைத் தானே உசுப்பேத்திக்கிற பிள்ளை செய்யறதும் இதேதான், அங்க என்னத்தைக் கட்டுப்படுத்துது?

உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக்கும் கூட இருந்தவங்களும் 1978ல வெளியிட்ட ‘அசையா முகம்’ சோதனை இங்க நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். சில மாசக் குழந்தையை எதிர்ல உக்கார வச்சு அம்மா கொஞ்சிப் பேசிட்டு இருப்பாங்க, அப்புறம் திடீர்னு முகத்தை மரம் மாதிரி வச்சுக்கிட்டு ரெண்டு மூணு நிமிஷம் எதுக்கும் பதில் காட்ட மாட்டாங்க. குழந்தை முதல்ல சிரிச்சுப் பாக்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். ஒண்ணும் நடக்கலன்னதும் முகத்தைத் திருப்பிக்கும், ஓரக்கண்ணால மறுபடி ஒரு தடவை பாக்கும், விரலை வாயில வச்சுக்கும், சில குழந்தைங்க உடைஞ்சு அழுதுடும். அம்மா பழையபடி சிரிச்சாலும் குழந்தை உடனே வழிக்கு வராது, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுதான் வரும். அந்த முகத்தைத் திருப்பிக்கிறதும் விரல் சப்பறதும்தான் இந்தத் திறமையோட ஆரம்பம். பேச்சே வராத குழந்தை தனக்குத் தெரிஞ்ச வழியில தன்னை ஒரு நிலைக்குக் கொண்டு வரப் பாக்குது. இதுக்குப் போய் கட்டுப்பாடுன்னு பேர் வைக்க எனக்கு மனசு ஒப்பல.

(வால்ட்டர் மிஷெல் செஞ்ச அந்த மிட்டாய் சோதனை இருக்கே, இப்பவே தின்னா ஒண்ணு, காத்திருந்தா ரெண்டு, அதுக்குச் சுயகட்டுப்பாடுன்னு போட்டா சரியா இருக்கும், அது வேற சரக்கு. அதையே 2018ல இன்னும் நிறைய குழந்தைங்களை வச்சுத் திரும்பப் பாத்தப்ப, குடும்பச் சூழலைக் கணக்குல எடுத்ததும் பின்னாள் படிப்போட அதுக்கு இருந்த தொடர்பு ரொம்ப சுருங்கிப் போச்சு. அதனால அதை வச்சு ரொம்ப மேடை கட்ட வேணாம்.)

என் முன்மொழிவு: உணர்ச்சி நிதானம். “நிதானத்துக்கு வா”, “நிதானம் தவறிட்டான்”, “நிதானிச்சுப் பேசு” இப்படி வீட்லயே புழங்கற சொல். இதுல அடக்குமுறை வாசனை இல்ல, உணர்ச்சி இருக்கவே கூடாதுன்னும் சொல்லல. கோபத்தோடயே நிதானமா இருக்கலாம் பாருங்க. இது சரியா நடக்காமப் போற டிஸ்ரெகுலேஷனுக்கு ‘நிதானக் குலைவு’ தானா வந்து உக்காந்துக்குது.

> நிதானம் வடசொல். போதாததற்கு மருத்துவ நூல்களில் நோயின் காரணம் அறிவதற்கே ‘நிதானம்’ என்று பெயர் உண்டு.

வடசொல்ங்கற வாதத்துக்கு நான் வரல. அந்தக் கணக்குல பாத்தா அதே மடல்ல ரிஸ்க் ஃபேக்டருக்கு நீங்க ஆதரிச்ச ‘இடர்க்காரணி’ல வர்ற ‘காரணி’யும்தான் வெளிய போகணும். மருத்துவ நூல் பத்தி சொன்னது கனமான ஆட்சேபம், ஆனா முன்னாடி ‘உணர்ச்சி’ன்னு ஒட்டு இருக்கிறப்ப யாரும் நோய்க்காரணம்னு படிக்கப் போறதில்ல. எனக்கே உறுத்தற குறை வேற ஒண்ணு: “பையன் கொஞ்சம் நிதானம்”னா மந்தம்னு அர்த்தம் ஆயிடும். அதனால தனியா விடவே கூடாது, எப்பவும் உணர்ச்சி நிதானம்னுதான் எழுதணும்.

அக்கா ஒருத்தங்க ‘சீராக்கம்’னு சொல்லியிருந்தாங்க. உடல் வெப்பச் சீராக்கம்னு உயிரியல்ல வர்றது தான், கூட்டறது குறைக்கறது ரெண்டையும் தாங்கும். எனக்கு அதுவும் வேணும். நடக்கற செயலுக்குச் சீராக்கம், அதனால வாய்க்கிற திறமைக்கு நிதானம்னு பிரிச்சுக்கிட்டா சண்டையே இல்ல. அழற குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக் கொடுத்துப் பெரியவங்க தன் அமைதியைக் கடன் கொடுக்கறாங்களே, அந்த கோ-ரெகுலேஷனை ‘உடன்சீராக்கம்’னு சொல்லலாம், குழந்தை வளர வளர அது ‘தன்சீராக்கம்’ ஆகுது. ‘துணைச் சீராக்கம்’னும் ஒரு யோசனை வந்துச்சு, ஆனா துணைன்னதும் துணைத் தலைவர், துணைச் செயலாளர்னு பதவி ஞாபகம் வருது எனக்கு.

> கவனம், உணர்ச்சி இரண்டுக்குமே ‘மனச்சீர்மை’ என்று ஒரே சொல் வைத்தால் என்ன?

கூடாதுங்க. இதுல நான் பிடிவாதமாவே இருக்கேன். காரணம் ருமேனியாவுல நடந்த ஆய்வு. சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூணு பேரும் 2000ல புக்கரெஸ்ட்ல தொடங்கினது. காப்பகங்கள்ல இருந்த 136 சின்னக் குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்கள்ல விட்டாங்க, மீதிப் பேருக்குக் காப்பகப் பராமரிப்பே தொடர்ந்துச்சு. குடும்பத்துக்குப் போன குழந்தைங்ககிட்ட பாசப்பிணைப்பு தேறுச்சு, பதட்டம் மனச்சோர்வு மாதிரி உள்ளுக்குள்ள புழுங்கற கோளாறுகள் குறைஞ்சுது. ஆனா கவனமும் துறுதுறுப்பும் சம்பந்தப்பட்ட சிக்கல் அந்த மாதிரி இறங்கவே இல்ல. ஒரே பராமரிப்பு, ஒண்ணு தேறுது இன்னொண்ணு தேறல. அப்போ ரெண்டும் ரெண்டு வழியில ஓடற விஷயம்தானே, ஒரே சொல்லுல போட்டுக் கட்டினா இந்த ஆய்வையே தமிழ்ல எழுத முடியாமப் போயிடும். ரெண்டும் அடிக்கடி சேந்தே வரும்ங்கறதும் நிஜம்தான். ஏடிஹெச்டி (கவனமும் துறுதுறுப்பும் சம்பந்தப்பட்ட அந்தக் கோளாறு) இருக்குற பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு நிதானக் குலைவும் இருக்கு, ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட நோய்க் கையேடான டிஎஸ்எம்-5 பட்டியல்ல அது முக்கிய அறிகுறியா இல்ல, கூட வர்றதுன்னுதான் வச்சிருக்காங்க.

இப்போ அந்த ஏடிஹெச்டிக்கே வர்றேன். ‘கவனக்குறைவு’ங்கற சொல்லை எப்படியாவது நிறுத்தியாகணும். “ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து”ன்னு செய்தில படிக்கிற அதே சொல்லு. அது அலட்சியம், குத்தம். அதையே ஏழு வயசுப் பிள்ளை நெத்தில ஒட்டினா டீச்சர் என்ன நினைப்பாங்க? போதாக்குறைக்கு விஷயமும் தப்பு. இந்தப் பிள்ளைங்ககிட்ட கவனம் குறைச்சலா இல்ல, பிடிச்ச விளையாட்டுல மணிக்கணக்கா மூழ்கி இருப்பாங்க, கூப்பிட்டாக் கூட காது கேக்காது. வேணுங்கற நேரத்துல வேணுங்கற இடத்துல அதை நிறுத்தறதும், அங்கிருந்து எடுத்து இன்னொண்ணுல வைக்கறதும்தான் கஷ்டம். “இங்கிலீஷ்லயே டெஃபிசிட்னுதானே இருக்கு”ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இங்கிலீஷ்காரங்களே ஒரு பேர்ல நிலையா நின்னதில்லீங்க. அதே டிஎஸ்எம்மோட பழைய பதிப்புகள்ல பாருங்க, 1968ல ‘குழந்தைப் பருவ மிகையியக்க எதிர்வினை’, 1980ல ஹைப்பராக்டிவிட்டியை, அதாவது துறுதுறுப்பை, பின்னுக்குத் தள்ளி வெறும் ஏடிடி (அட்டென்ஷன் டெஃபிசிட் டிஸார்டர்), 1987ல ஏடிஹெச்டி. உலக சுகாதார நிறுவனம் தன்னோட நோய்ப் பட்டியலான ஐசிடில, பத்தாம் பதிப்பு (ஐசிடி-10) வரைக்கும் ஹைப்பர்கைனடிக் (மிகையியக்கம்)னே வச்சிருந்து ஐசிடி-11லதான் மாத்துச்சு. அவங்க பேரை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை தூக்கிட்டு வரணும்னு நமக்கு என்ன தலையெழுத்து?

‘கவன நிலையாமை’ன்னு எழுதினவருக்கு: அர்த்தம் கச்சிதம், ஆனா நிலையாமைன்னா நம்ம ஆளுங்களுக்குச் சாவுதான் ஞாபகம் வரும், பெத்தவங்க பயந்துடுவாங்க. ‘கவனச்சிதறல்’ எல்லாருக்கும் எப்பவாவது வர்றது, நோய்க்குன்னு தனியா நிக்காது. எனக்கு ‘கவனத் தடுமாற்றம்’ பிடிச்சிருக்கு. கூட ‘மிகைத்துடிப்பு’. முழுப்பேர் கவனத் தடுமாற்ற மிகைத்துடிப்புக் கோளாறு, நீளம்தான், பேச்சுல ஏடிஹெச்டின்னே சொல்லிட்டுப் போங்க. ரெண்டையும் தனித்தனிச் சொல்லா வச்சிருக்கறதுல ஒரு லாபம் இருக்கு: துடிப்பே இல்லாம கவனம் மட்டும் தடுமாறுற வகை உண்டு, ஜன்னலைப் பாத்துக்கிட்டுச் சத்தமில்லாம உக்காந்திருக்கற பெண் பிள்ளைங்க அதனாலதான் கண்ணுல படாமப் போறாங்க.

கடைசியா ‘இடர்க்காரணி’. ரிஸ்க் ஃபேக்டர்ங்கறது காரணம் இல்ல, அது இருந்தா வாய்ப்பு கூடுதுன்னு மட்டும்தான் அர்த்தம். ஆனா காரணின்னு எழுதினா படிக்கறவங்க காரணம்னுதான் படிக்கறாங்க, எத்தனை விளக்கம் எழுதினாலும் சரி. குறைமாசத்துல பிறக்கறது, எடை குறைவா பிறக்கறது, சின்ன வயசுல ஈயம் உடம்புல சேர்றது, ஆரம்பத்துல கடுமையான புறக்கணிப்பு இதெல்லாம் பட்டியல்ல இருக்கு. கர்ப்பத்துல அம்மா புகைபிடிக்கறதும் ரொம்ப நாளா இருக்கு, ஆனா ஒரே அம்மாவோட பிள்ளைங்களையே ஒப்பிட்டுப் பாத்தப்ப, அதாவது ஒரு கர்ப்பத்துல பிடிச்சிருக்காங்க இன்னொண்ணுல பிடிக்கல, அந்த வித்தியாசம் பெரும்பாலும் மங்கிப் போயிடுது, அதுல குடும்பத்துல ஓடற மரபும் சூழலும்தான் வேலை செஞ்சிருக்குன்னு தோணுது (வேற தீங்குகள் நிறைய இருக்கறதால புகை நல்லதுன்னு யாரும் எடுத்துக்க வேணாம்). வகுப்புல வயசுல சின்னப் பிள்ளையா இருக்கறதே ஒரு ரிஸ்க் ஃபேக்டர், பல நாடுகள்ல அந்தப் பிள்ளைங்களுக்குத்தான் ஏடிஹெச்டி முத்திரை அதிகமா விழுது. பிறந்த மாசம் எப்படிக் காரணம் ஆகும், சொல்லுங்க? மரபு பத்தியும் சொல்லிடறேன், ஏடிஹெச்டில மரபோட பங்குன்னு இரட்டையர் ஆய்வுகள்ல வர்ற சுமார் 74 சதவீதம்ங்கறது மக்கள்கூட்டத்துல காணற வேறுபாட்டைப் பத்தினது, ஒரு தனிப் பிள்ளையோட சிக்கல்ல முக்கால் பங்கு அப்பா அம்மா கொடுத்ததுன்னு பிரிச்சுப் போடறது இல்ல.

அதனால ‘இடர்க்கூறு’. எதிர்ப்பக்கம் ப்ரொடெக்டிவ் ஃபேக்டருக்குக் ‘காப்புக்கூறு’. கணக்குப் பாடத்துல காரணி காரணியாவே இருக்கட்டும், அதுல யாருக்கும் குத்த உணர்ச்சி வரப் போறதில்ல. “குறைப்பிறப்பு ஏடிஹெச்டிக்கு ஓர் இடர்க்கூறு”ன்னு சத்தமா படிச்சுப் பாத்தேன், கரடுமுரடா ஒண்ணும் இல்ல.

இன்னும் டெம்பரமென்டும் (குழந்தையோட இயல்பான சுபாவம்) இம்பல்சிவிட்டியும் (தோணினதைச் சட்டுன்னு செஞ்சுடறது) பாக்கி. முதலாவதுக்குப் ‘பிறவிக்குணம்’னா மாறவே மாறாதுன்னு ஆயிடும், ‘குணவாகு’ பரவால்லயான்னு பாருங்க. ரெண்டாவதுக்கு ‘முன்பின் யோசிக்காமை’ தவிர எனக்கு ஒண்ணும் தோணல, ‘உந்தல்’னு போட்டா பஸ்ல தள்ளறா மாதிரி இருக்கு. பிடிக்கலன்னா தாராளமா சொல்லுங்க, ஆனா மாத்துச் சொல்லையும் அதை வச்சு ஒரு முழு வாக்கியத்தையும் சேத்து அனுப்புங்க, பட்டியலை அடுத்த வாரம் அச்சுக்கோக்கக் கொடுக்கணும்.