எல்க் (பெரிய காட்டு மான்) சீசனுக்கு எந்த ரவை (தோட்டா)? (எங்கட வேட்டைக் குழு, நோர்வே)

[19:04] நிரோஷ்: செப்ரெம்பர் 25க்கு முதல் துவக்கை முடிவெடுக்க வேணும். கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் ரவை போடுற துவக்கு எடுக்கச் சொல்லுறார். செக்கனுக்கு 900 மீட்டர் போகுமாம், எல்க்குக்கு அதுதானாம். வீட்டில 6.5×55 ரவை போடுற துவக்கு ஒண்டு சும்மா கிடக்கு. வேகம் உண்மையாவே அவ்வளவு முக்கியமோ?

[19:07] ரவி அண்ணை: எவ்வளவு தூரத்தில சுடப்போறாய் எண்டு முதல் சொல்லு.

[19:08] நிரோஷ்: காட்டுக்க 80, கூடிப்போனா 120 மீட்டர். மரம் வெட்டின வெளிப்பக்கம் நிண்டா 180.

[19:10] ரவி அண்ணை: அப்ப குழல் வாயில என்ன வேகம் எண்டு பாக்கத் தேவையில்லை. எல்க்கில படேக்க என்ன வேகம், சன்னம் (ரவையில இருந்து பறந்து போற குண்டு) என்ன எடை எண்டதைத்தான் பாக்க வேணும்.

[19:13] சுதா அக்கா: நோர்வேச் சட்டமும் அந்த ரெண்டையும்தான் பாக்குது. எல்க், செம்மான், கலைமானுக்கு 9 கிராமுக்குக் குறைஞ்ச ஈயச் சன்னம் சரிவராது. 9–10 கிராம் எண்டா 100 மீட்டரில 2700 ஜூல் வேணும். 10 கிராமுக்கு மேல எண்டா 2200 காணும். சின்ன மானுக்கு 980.

[19:16] சுதா அக்கா: உன்ர 6.5×55க்குக் கணக்கைப் பார் (சக்தி = பாதி × கிலோவில எடை × வேகம் × வேகம்; வேகம் செக்கனுக்கு மீட்டரில).
9.1 கிராம்: 800ல வெளிக்கிட்டு 100 மீட்டரில ஏறக்குறைய 740. பாதி × 0.0091 × 740 × 740 = 2490 ஜூல். 2700க்குக் காணாது.
10.1 கிராம்: 780ல வெளிக்கிட்டு 100 மீட்டரில 705 அளவு. பாதி × 0.0101 × 705 × 705 = 2510 ஜூல். 2200க்கு மேல, சரி.

[19:17] நிரோஷ்: சக்தி ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதானே! வேகமானது விழுந்துபோச்சு, மெதுவானது நிக்குது?

[19:20] சுதா அக்கா: ஓம். ஒரே விட்டத்தில எடை கூடினா சன்னம் நீளும். எல்க்கின்ர தோள் எலும்பில பட்டு ஒரு பங்கு பிய்ஞ்சாலும், மிச்சம் நெஞ்சுக்குள்ள போற அளவுக்குக் கனம் இருக்கும். 1894இல இந்த ரவை நோர்வே, சுவீடன் ராணுவத்துக்கு வரேக்கையும் சன்னம் 10.1 கிராம்தான். குழலுக்குள்ள சன்னத்தைச் சுழல வைக்கிற வரியின்ர முறுக்கும் அந்த நீளத்துக்கு எண்டுதான் இறுக்கமா வெட்டியிருக்கு.

[19:22] ஜெயம் மாமா: வீட்டில கிடக்கிற ராணுவத் துவக்கு பழைய க்ராக்கோ, மவுசரோ?

[19:22] நிரோஷ்: மவுசர் மாமா. குழல் 60 செ.மீ.

[19:24] ஜெயம் மாமா: நல்லது. க்ராக்கில சுடேக்க பூட்டிப் பிடிக்கிற நாக்கு ஒண்டுதான் முன்னுக்கு இருக்கு, அழுத்தம் கூடின ரவை அதுக்கு ஆகாது. மவுசர் எண்டாலும் துவக்குத் திருத்துறவரிட்ட ரவை இருக்கிற அறையின்ர இடைவெளியை அளப்பிச்சுப்போட்டுத்தான் சுட வேணும்.

[19:27] ரவி அண்ணை: வேகம் தேவையே இல்லை எண்டு நான் சொல்லேல்லை. சன்னம் விரியுறதுக்கு வேகம் வேணும். ஈயக்கரு உள்ளதுகள் பொதுவா செக்கனுக்கு 550 மீட்டர் அளவு வரைக்கும் விரியும். செப்புச் சன்னத்துக்கு 600 அளவாவது வேணும். அதுக்குக் கீழ போனா ஊசி மாதிரித் துளைச்சுக்கொண்டு போகும், எல்க் காயத்தோட கனதூரம் ஓடும். எந்தத் தூரத்தில அந்த எல்லை வருது எண்டு பெட்டியில இருக்கிற அட்டவணையைப் பார்.

[19:29] ரவி அண்ணை: கூடின வேகத்திலயும் சிக்கல் இருக்கு. 30 மீட்டரில நிக்கிற எல்க்குக்கு 900ல போற மெல்லிய உறைச் சன்னம் தோளிலயே சிதறும். உள்ளுக்குப் போகாது, தோள் இறைச்சி முழுக்க ரத்தம் கட்டிப் பழுதாகும். மேக்னம்தான் வேணும் எண்டா உறையும் ஈயமும் ஒட்டின சன்னம், இல்லாட்டி முழுச் செப்பு எடு.

[19:31] சுதா அக்கா: ஈயச் சன்னம் எண்டா, கண்ணுக்குத் தெரியிற சேதத்துக்கு வெளியால 10 செ.மீ. எண்டாலும் வெட்டி எறிய வேணும். தூள் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளையள் சாப்பிடுற இறைச்சி, இதில கஞ்சத்தனம் பாக்காதேங்கோ.

[19:33] நிரோஷ்: 180 மீட்டரில சன்னம் கீழ விழாதோ? மேக்னம் நேரா போகும் எண்டாரே.

[19:37] ரவி அண்ணை: ரெண்டையும் 100 மீட்டரில சரிபார்த்து வைச்சா, 200இல 10.1 கிராம் 6.5 ஏறக்குறைய 15 செ.மீ. விழும். 11.7 கிராம் .300 மேக்னம் 10. வித்தியாசம் அஞ்சு சென்ரிமீட்டர். 6.5ஐ 100இல 4 செ.மீ. மேல அடிக்க வைச்சா 200இல 7 அளவுதான் கீழ. எல்க்கின்ர நுரையீரல் இடம் அதைவிட எவ்வளவோ பெரிசு. அந்த அஞ்சு சென்ரிமீட்டருக்கு ரெண்டு மடங்கு உதை தோளில வாங்க வேணும். கண்ணை மூடி விசையை இழுத்தா 20 செ.மீ. விலகும்.

[19:40] ஜெயம் மாமா: சூட்டுப் பரீட்சையும் இருக்கெல்லே. 30 பயிற்சிச் சூடு, பிறகு 100 மீட்டரில 5 சூடும் வட்டத்துக்குள்ள. மேக்னத்தோட 30 சூடு முடிய தோள் பதறும்.

[19:43] சுதா அக்கா: ஒண்டு கவனம் தம்பி. பெட்டியில போட்டிருக்கிற 780 அவையின்ர சோதனைக் குழலில அளந்தது. உன்ர 60 செ.மீ. குழலில கிட்டத்தட்ட அதுதான் வரும். சத்தம்குறைப்பான் பூட்டுறதுக்காகக் குழலை வெட்டாதே. ஒரு அங்குலம் வெட்டினா 7–8 மீட்டர் வேகம் போகும். 50க்கு வெட்டினா 750தான். 100 மீட்டரில 2300 ஜூல் அளவு. குளிரில வெடிமருந்தைப் பொறுத்து இன்னும் 10–25 மீட்டர் குறையும். 2200க்கு இடைவெளியே இல்லாமப் போகும்.

[19:45] நிரோஷ்: வெட்டேல்லை அக்கா. பிறகு குறுகின துவக்கு வாங்கினா?

[19:48] சுதா அக்கா: .308 எடு. 11.7 கிராம், 790ல வெளிக்கிட்டு 100 மீட்டரில 3000 ஜூல் அளவு நிக்கும். குழல் குறுகினாலும் சட்டத்துக்கு மேல தாராளமா இருக்கும். .30-06 அதைவிட 30 மீட்டர் வேகம் கூட, எல்க்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

[19:52] ரவி அண்ணை: இப்போதைக்கு 6.5ஓட நில். 10.1 கிராம் விரியும் சன்னம், ஒரே லொட் இலக்கத்தில மூண்டு பெட்டி. முழு உறைச் சன்னம் (விரியாதது) எல்க் வேட்டைக்குத் தடை, பிழையா வாங்கிப்போடாதே. சனிக்கிழமை வேகமானி கொண்டு வாறன். 5 சூட்டின்ர சராசரி 760க்கு மேல வந்தா வேற ரவை தேடத் தேவையில்லை.

[19:53] நிரோஷ்: சரி அண்ணை. 10 மணிக்கு வெடிக்களத்தில நிக்கிறன்.

[19:54] ஜெயம் மாமா: துவக்கில பூட்டின தொலைநோக்கியின்ர திருகுகளை வெள்ளிக்கிழமையே இறுக்கிப் பார். அது தளர்ந்திருந்தா எந்த ரவையும் ஒரு இடத்தில விழாது.